ஸ்பேனர் பிடித்த கை – ப்ரூஸ் மெக்லாரன்



ஒர்க் ஷாப்பில் பழைய பெட்ரோல் என்ஜினைப் பிரிக்கச் சொன்னால் நாமெல்லாம் முந்திக்கொண்டு ஓடுவோம். அரை மணி நேரத்தில் ஹெட் ஒரு பக்கம், பிஸ்டன் ஒரு பக்கம் கிடக்கும். திரும்ப மாட்டச் சொன்னால்தான் ஆளுக்கு ஒரு மூலையில் ஒதுங்குவோம். எப்படியோ மாட்டி முடித்தால் டிரேயில் மூணு நட்டு மிச்சம் இருக்கும்! அந்த மிச்ச நட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். அவர்தான் ப்ரூஸ் மெக்லாரன்.

மெக்லாரன் என்றால் ஃபார்முலா ஒன் டீம் என்று ரேஸ் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர், அவரும் நம்மைப் போல ஒரு டெக்னிக்கல் காலேஜில் படித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1937 ஆகஸ்ட் 30-ல் பிறந்தார் ப்ரூஸ். அப்பா லெஸ் மெக்லாரன் சர்வீஸ் ஸ்டேஷன் வைத்திருந்தார். க்ரீஸ் வாசனையில் வளர்ந்த பையனுக்கு 9 வயதில் ஒரு சோதனை வந்தது. பெர்த்தெஸ் என்ற இடுப்பு எலும்பு நோய். சுமார் 2 வருஷம் காலில் எடை கட்டி, அசையாமல் படுக்கையில் கிடத்தினார்கள். எழுந்தபோது இடது கால் வலது காலைவிடக் குட்டையாகிவிட்டது. கடைசிவரை லேசாக விந்தித்தான் நடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா ஒரு ஆஸ்டின் 7 அல்ஸ்டர் வாங்கினார். பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். வந்தபோது அது கார் மாதிரியே இல்லை, பார்ட் பார்ட்டாகக் கிடந்தது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து அதைப் பூட்டினார்கள். ஓட்டிப் பார்த்த அப்பா, இது ஆபத்தான வண்டி, விற்றுவிடலாம் என்று முடிவுகட்ட, பையன் கெஞ்சிக் கூத்தாடி அதைத் தனக்கே வாங்கிக்கொண்டான்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்காக அந்த என்ஜினைப் பற்றி நாலு வார்த்தை. மொத்தமே 747 சி.சி. தான். நாலு சிலிண்டர், சைடு வால்வு. வால்வு எல்லாம் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட்டைக் கழற்றுவது ரொம்ப சுலபம். வார்ப்பிரும்பு பிளாக் தனி, அலுமினிய க்ராங்க் கேஸ் தனி. பழைய மாடல்களில் க்ராங்க் ஷாஃப்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே இடத்தில்தான் மெயின் பேரிங். நடுவில் தாங்க எதுவும் கிடையாது. அதனால் வேகம் ஏற ஏற ஷாஃப்ட் நடுவில் வளைந்து அதிரும். இந்த என்ஜினிடமிருந்து கூடுதல் சக்தி கேட்பவன், அது எங்கே உடையும் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பாடம் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், கையால் பிரித்துப் பார்த்தவனுக்கு மறக்காது.

1952-ல் அந்தக் காரிலேயே தன் முதல் போட்டியில் இறங்கினார் ப்ரூஸ். மேட்டில் ஏறும் ஹில் கிளைம்ப் போட்டி. வயசு பதினாலு, பதினைஞ்சுதான்! படிப்பு செடன் மெமோரியல் டெக்னிக்கல் காலேஜில். பிறகு இன்ஜினியரிங் சேர்ந்தார். அதை முடிக்கும் முன்பே, நல்ல டிரைவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பும் நியூசிலாந்துத் திட்டத்தில் 1958-ல் இங்கிலாந்து போய் கூப்பர் கம்பெனி டீமில் சேர்ந்துவிட்டார். 1959 டிசம்பரில் அமெரிக்க கிராண்ட் பிரீ. கடைசி லேப்பில் முன்னால் போன ஜாக் பிராபமின் காரில் பெட்ரோல் தீர்ந்துபோக, வென்றவர் 22 வயது ப்ரூஸ்.

ஜெயித்த டிரைவர் என்பதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. 1963-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். மறு வருஷம் ஜெரெக்ஸ் ஸ்பெஷல் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். அதிலிருந்த நாலு சிலிண்டர் கிளைமேக்ஸ் என்ஜினை இறக்கிவிட்டு, அலுமினியத்தால் ஆன ஓல்ட்ஸ்மொபில் வி-8 என்ஜினை ஏற்றினார்கள். என்ஜின் மாறினால் அதைத் தாங்கும் ஃபிரேமும் மாற வேண்டுமே! குழாய்களை அறுத்து, புதிதாக வெல்டு வைத்து, சட்டத்தையே திரும்பக் கட்டினார்கள். அந்தக் கார் கனடாவின் மோஸ்போர்ட்டில் வென்றது.

இன்னொரு சம்பவம். ஆரம்பக் கால கார் ஒன்றை டெஸ்ட் செய்தபோது பெட்ரோல் மூடி படபடவென்று ஆடியது. வேகம் கூடினால் காற்று அதை அழுத்தி மூட வேண்டும். இங்கே வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடியது. நாமாக இருந்தால் ஒரு கம்பியைப் போட்டுக் கட்டியிருப்போம். அவர் யோசித்தார். பிட்டில் நிறுத்தி, கத்தரியை எடுத்து, ரேடியேட்டருக்குப் பின்னால் பாடியை வெட்டிக் காற்றுக்கு வழிவிட்டார். அடுத்த லேப்பிலேயே கார் வேகமாக ஓடியது.

1966-ல் கிறிஸ் ஏமனுடன் லெ மான் 24 மணி நேரப் போட்டியை வென்றார். 1968-ல் தன் பெயர் தாங்கிய காரிலேயே பெல்ஜிய கிராண்ட் பிரீயை வென்றார். 1969 கேன்-ஆம் தொடரில் நடந்த 11 ரேஸிலும் அவருடைய கார்களே முதலிடம்!

1970 ஜூன் 2. இங்கிலாந்தின் குட்வுட் டிராக். புதிய எம்8டி காரை டெஸ்ட் செய்ய வழக்கம்போல அவரே உட்கார்ந்தார். நேர்சாலையில் அதிவேகமாகப் போகும்போது காரின் பின்பக்க பாடி கழன்றது. பின் சக்கரங்களைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்த காற்றின் பலம் போய்விட, கார் சுழன்று ஒரு காவல் மேடையில் மோதியது. வயசு 32 தான். என்ஜினில் கோளாறு எதுவும் இல்லை. கழன்றது மேலே மூடியிருந்த பாகம்.

12 நாள் கழித்து, ஜூன் 14-ல், மோஸ்போர்ட்டில் அவருடைய டீம் ரேஸுக்கு வந்து நின்றது. அதே எம்8டி மாடலை ஓட்டி டான் கர்னி வென்றார். துக்கத்தோடு வேலை பார்த்த அந்த மெக்கானிக்குகள் ஒவ்வொரு போல்ட்டையும் எப்படிச் சரிபார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1974-ல் அந்த டீம் முதல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்றது. 2024-லும் டீம் பட்டம் அவர்களுக்குத்தான்.

நண்பர்களே, கழட்டுறது யாராலும் முடியும். எந்த பார்ட் எங்கே இருந்தது, ஏன் தேய்ந்தது என்று பார்த்துப் பார்த்து மாட்டுறவன்தான் டெக்னீஷியன். நாளைக்கு நாம் மாட்டப்போகும் வண்டியில் நாம் பயணம் செய்ய மாட்டோம். யாரோ ஒருவர் குடும்பத்தோடு உட்காருவார். தான் கட்டிய வண்டியில் தானே முதலில் உட்கார்ந்த ப்ரூஸை நினைத்துக்கொண்டு, இனி டிரேயில் ஒரு நட்டு மிச்சம் இருந்தாலும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். திரும்பக் கழட்டுவோம்!