மண்ணின் கணக்கை எழுதிய விசுவாசி



பரலோக மந்திரத்தைச் செபிக்காத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை. அன்றன்றைய உணவுக்காக நாம் நாள்தோறும் விண்ணகத் தந்தையிடம் கையேந்துகிறோம். ஆயினும் அந்த உணவு எந்த நிலத்தில் விளைந்தது, அதனை விளைவித்தவர் அன்று வயிறார உண்டாரா, அந்த நிலம் நம் பேரப்பிள்ளைகளுக்கும் உணவு தருமா என்னும் வினாக்கள் நம் செபத்தில் இடம்பெறுவது அரிது.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தில், மகாவலி கங்கையை அண்டிய வில்கமுவப் பிரதேசத்தில் இவ்வினாக்கள் விவசாயியின் வாசலிலேயே நிற்கின்றன. நெற்செய்கையும் சேனைப் பயிர்ச்செய்கையும் அம்மக்களின் வாழ்வாதாரம். அருகே 1984ஆம் ஆண்டு பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவ தேசிய பூங்கா உள்ளது. காட்டுக்கும் வயலுக்கும் இடையே எல்லை சுருங்கச் சுருங்க, யானைகள் வயலுக்குள் வருகின்றன. ஒரு போகத்தின் உழைப்பு ஓர் இரவில் அழிகின்றது. சில வேளைகளில் மனித உயிரும் யானையின் உயிரும் சேர்ந்தே பறிபோகின்றன. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட திடீர்த் தடையும், அது அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்படும்வரை நாடெங்கும் விவசாயிகள் பட்ட அல்லலும் நம் நினைவில் பசுமையாய் உள்ளன.

மண்ணைக் காப்பதா, வயிற்றைக் காப்பதா? இரண்டையும் சேர்த்துக் காக்க இயலுமா? ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வினாக்களைத் தம் வாழ்வின் பணியாக ஏற்ற ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் இருந்தார். ஜே. சி. குமரப்பா என்பது அவர் பெயர். அவர் நம் நாட்டவர் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். தஞ்சையில் பிறந்து, சீர்திருத்தத் திருச்சபை மரபில் வளர்ந்தவர். எனினும் வயலோரத்தில் வாழும் எந்த விசுவாசிக்கும் அவருடைய வாழ்வு வழிகாட்டத் தக்கது.

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்ற இயற்பெயருடன் 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அரசாங்கப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். பக்தியும் ஒழுங்கும் நிறைந்த அந்த இல்லத்தில் பிள்ளைகள் நல்ல கல்வி பெற்றனர். இளைஞர் ஜோசப் இலண்டன் சென்று கணக்காளராகத் தேர்ச்சி பெற்றார். பின்னர் பம்பாய் திரும்பித் தணிக்கைத் தொழிலை நடத்தினார். உடை, உணவு, பழக்கம் யாவும் ஆங்கிலேயர் பாணியிலேயே அமைந்திருந்தன. தம் நாட்டின் வறுமை அந்நாளில் அவருடைய ஏடுகளில் ஏறவில்லை.

1920களின் பிற்பகுதியில் உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றார். அங்கு ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமைக்குக் காரணம் என்ன என்பதைப் பற்றி அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராயிருந்த பேராசிரியர் செலிக்மன் அதனைக் கண்டு, அப்பொருளையே ஆய்வுக்கு எடுக்கும்படி ஊக்கினார். கணக்காளர் முதன்முறையாக ஒரு நாட்டின் கணக்கைப் புரட்டினார். வரியாகப் பெறப்பட்ட செல்வம் எங்கே சென்றது, உழுதவன் கையில் எஞ்சியது என்ன என்று ஆராய்ந்தபோது, அதுகாறும் அவர் வியந்து போற்றிய ஆட்சியின் மறுபக்கம் புலனாயிற்று.

அந்த ஆய்வை ஏந்திக்கொண்டு 1929ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். மரநிழலில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவர்தாம் காந்தியடிகள் என்பதை அறிந்ததும், தம் பட்டு உடையோடு அவரும் தரையில் அமர்ந்தார். அந்தச் சந்திப்பின் பின் அவர் பம்பாய்த் தொழிலுக்கு முழுமையாகத் திரும்பவில்லை. கதராடை அணிந்தார், கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்துக் குமரப்பா என்ற குடும்பப் பெயரை ஏற்றார், திருமணம் செய்யாமலே வாழ்ந்தார்.

காந்தியடிகள் அவருக்குக் கொடுத்த முதற்பணி குறிப்பிடத் தக்கது. குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள மாதர் வட்டத்தின் 54 கிராமங்களுக்கும் மாணவர்களுடன் சென்று, குடும்பம் குடும்பமாக வருமானத்தையும் செலவையும் கடனையும் கேட்டு எழுதினார். விவசாயியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கவேண்டும் என்பதை அந்தக் கிராமங்களில் அவர் கற்றுக்கொண்டார்.

1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஆயுதமற்ற மக்கள் தாக்கப்பட்டபோது, கல்கத்தா ஆயர் வெஸ்ட்காட் அவர்களுக்கு எழுதி, கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய ஆட்சி இவ்வாறு செய்கையில் திருச்சபை வாளாவிருத்தல் ஆகுமா என வினவினார். அக்காலத்தில் கிறிஸ்தவர் ஒருவர் இவ்வாறு கேட்பதற்குத் துணிவு வேண்டியிருந்தது. தம் கொள்கைக்காகப் பலமுறை சிறை சென்றார்.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. நிவாரண நிதியின் கணக்கு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. காந்தியடிகளும் அவரோடு வந்தவர்களும் அங்கு தங்கியபோது, அக்குழுவின் உணவுச் செலவை நிவாரண நிதியில் எழுத அவர் மறுத்துவிட்டார். துயருற்ற மக்களுக்கென வந்த பணத்தை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். காந்தியடிகளும் அதனை ஏற்றுக்கொண்டார்.

அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பெற்று, குமரப்பா அதன் செயலாளரானார். வார்தா நகரின் மகன்வாடி அதன் இல்லமாயிற்று. தவிடு நீங்காத கைக்குத்தல் அரிசி, செக்கில் ஆட்டிய எண்ணெய், தேனீ வளர்ப்பு, கழிவுகளை மக்கச் செய்து எருவாக்குதல் ஆகியவை அங்கு பயிற்றப்பட்டன. வெள்ளைச் சீனிக்குப் பதிலாகப் பனை வெல்லத்தை அவர் பரிந்துரைத்ததற்கும் ஒரு கணக்கிருந்தது. கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய நீரும் வேண்டும். பனையோ வேறெதுவும் விளையாத நிலத்திலும் நின்று இனிப்பைத் தரும். நம் வடபுலத்துப் பனங்கட்டியும் மலைநாட்டுக் கித்துள் கருப்பட்டியும் இந்தக் கணக்கிற்கு நல்ல சான்றுகள்.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தின் பின் சிறையிலிருந்த காலத்தில் அவர் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டும் 1945ஆம் ஆண்டு வெளிவந்தன. இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். ஒரே சிறையறையில் இரு நூல்களும் பிறந்தமை தற்செயலானதன்று. கடவுள் படைத்த ஒழுங்குக்கு இணங்க உண்பதும் உழைப்பதும் அவருக்கு விசுவாசத்தின் பகுதியாகவே இருந்தன.

அந்த இரண்டாம் நூலில் அவர் உயிர்கள் வாழும் முறைகளைப் படிப்படியாக வகுத்துக் காட்டுகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தன் உணவின் மூலத்தையே அழிக்கின்றது. மாந்தோப்பில் புகும் குரங்கு, எதையும் நட்டு வளர்க்காமல் பழத்தை மட்டும் எடுக்கின்றது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, உழைத்து வாழ்கின்றது. தேனீ முழுக் கூட்டத்துக்காகவும் உழைக்கின்றது. எல்லாவற்றிற்கும் மேலாக, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் வாழ்வு நிற்கின்றது. மனிதன் இவற்றில் எந்தப் படியிலும் வாழக்கூடும். தன் படியைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்குண்டு, ஆகவே பொறுப்பும் உண்டு.

நிலக்கரி, எண்ணெய் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு. பயிரும் மரமும் ஆற்றுநீர்போல் ஆண்டுதோறும் மீண்டும் வருபவை என்றும் அவர் பிரித்துக் காட்டினார். குறைந்துபோகும் சேமிப்பின்மேல் கட்டப்படும் வாழ்வு முடிவில் போட்டிக்கும் போருக்கும் இட்டுச் செல்லும் என எச்சரித்தார்.

நிலப் பயன்பாட்டைப் பற்றி அவர் வகுத்த திட்டம் இன்றும் எண்ணத்தக்கது. ஓர் இலட்சம் மக்கள் வாழும் பகுதியை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குச் சமநிலையான உணவு கிடைக்கத் தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, மரக்கறி, கிழங்கு, பழம் ஆகியவற்றிற்கும் உடைக்கான பருத்திக்கும் நிலத்தை எவ்வாறு பங்கிடவேண்டும் எனக் கணக்கிட்டார். சந்தை விலைக்கு முன் மக்களின் பசியைக் கேட்டு நிலத்தைப் பங்கிடவேண்டும் என்பதே அதன் சாரம். உணவுப் பயிர் விளைந்த நிலங்கள் ஆலைகளுக்கான பயிருக்கு மாறுவதை அவர் மிகுந்த கவலையோடு நோக்கினார். சுதந்திரத்தின் பின் காங்கிரஸ் நியமித்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே இடைத்தரகர் இருத்தலாகாது என 1949ஆம் ஆண்டு அறிக்கை அளித்தார்.

அவருடைய கருத்துகளை நாட்டை ஆண்டவர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. பெரிய ஆலைகளும் பெருந்திட்டங்களும் முன்னுரிமை பெற்றன. அவரைப் பழமைவாதி என்று எள்ளியோரும் உண்டு. அவர் பதவியை நாடவில்லை. இரத்த அழுத்த நோயால் தளர்ந்த பின் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் வாழ்ந்தார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, தம் 68ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின், 2015ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடல், பூமியின் ஓலத்தையும் ஏழையின் ஓலத்தையும் சேர்த்துக் கேட்கும்படி நம் திருச்சபையை அழைத்தது. அவ்விரண்டையும் சேர்த்தே கேட்ட ஒருவர் முன்னரே நம் மொழியில் பேசி வாழ்ந்திருந்தார்.

அன்பர்களே, வில்கமுவ விவசாயிக்கு இவ்வாழ்வு என்ன சொல்லுகிறது? இரசாயனப் பசளைக்கு மண்ணை அடிமையாக்குவதைக் குமரப்பா எச்சரித்தார் என்பது மெய்யே. ஆயினும் அவர் எந்தப் பணியையும் விவசாயியின் வீட்டுக் கணக்கைக் கேட்ட பின்னரே தொடங்கினார். மண் மெல்லத்தான் வளம் இழந்தது. மெல்லத்தான் அதனை மீட்கவும் வேண்டும். சேதனப் பசளை ஆயத்தமாகுமுன், விதையும் பயிற்சியும் சேருமுன், ஒரே ஆணையால் அம்மாற்றத்தைச் சுமத்தியபோது அதன் பாரம் ஏழை விவசாயியின் தோளிலேயே விழுந்தது. மண்ணின்மேல் காட்டும் இரக்கத்தை உழுபவனுக்கு மறுத்தால் அது நிலைக்காது.

யானைகளின் துன்பத்திற்கும் அப்பகுதியில் ஒரு நல்ல முயற்சி நடைபெற்றுள்ளது. வஸ்கமுவக் காட்டை அண்டிய சில கிராமங்களில், யானைகள் பொதுவாக விரும்பாத தோடை மரங்களை வீட்டுத் தோட்டங்களைச் சுற்றி நட்டுள்ளனர். அவை யானையைக் கொல்லாமல் விலக்குவதோடு குடும்பத்திற்குப் பழமும் வருமானமும் தருகின்றன. புலியின் வழியையும் குரங்கின் வழியையும் விட்டு, உழைத்துக் காத்து வாழும் வழி இதுவே.

நம் இல்லங்களிலும் செய்யக்கூடியவை உண்டு. தவிட்டோடு கூடிய அரிசியை வாரத்தில் சில நாட்களேனும் உண்ணலாம். சீனியின் இடத்தில் பனங்கட்டியையும் கருப்பட்டியையும் வைக்கலாம். சமையற் கழிவை எருவாக்கி முற்றத்தில் நாலு கத்தரிக் கன்றை வளர்க்கலாம். விவசாயியிடம் நேரே வாங்கும்போது அவர் கேட்கும் நியாயமான விலையைப் பேரம் பேசாது கொடுக்கலாம். சோற்றை வீணாக்காதிருக்கப் பிள்ளைகளைப் பழக்கலாம்.

இன்றிரவு குடும்பச் செபத்தில் பரலோக மந்திரத்தைச் சொல்லும்போது, அன்றாட உணவைக் கேட்கும் இடத்தில் சற்றே நிறுத்தி, பெரும்போகத்துப் பயிருக்குக் காவலாகப் பரணில் கண்விழித்திருக்கும் அந்த விவசாயியையும் அவர் நிலத்தையும் ஆண்டவரின் திருமுன் வைப்போம்.