லேவாதேவிக்காரரிடம் பாடம் படித்த கலெக்டர்

திருவள்ளூர் பக்கம் திரூர் என்றொரு ஊர். இந்தியாவில் பதிவான முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் ஒன்று 1904-ல் அங்கே தொடங்கியது. ஊரில் 'சொசைட்டி' என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். உரம் வாங்க, பயிர்க்கடன் எடுக்க, நகையை அடகு வைக்க தாத்தா நடந்து போய்வந்த இடம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அந்தச் சொசைட்டிக்குப் பின்னால் இருந்தவர் பிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி.

1846-ல் பிறந்தவர். 1869 வாக்கில் சென்னை மாகாண சிவில் சர்வீசுக்கு வந்தார். வந்த சில வருஷத்திலேயே 1876–78 தாது வருஷப் பஞ்சம். மாகாணம் முழுக்க லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் கடன் முடியவில்லை. மாடு போய், விதை போய், நிலமும் லேவாதேவிக்காரர் கைக்குப் போனது. கோயம்புத்தூரில் வேலை பார்த்த நிக்கல்சன் அந்த மாவட்டத்துக்கு எழுதிய கையேடு 1887-ல் வெளியானது. கிணறு, மாடு, கம்பு, சோளம் என்று தனித்தனியாகக் கணக்குப் பார்க்கிற கண் அவருக்கு அதிலேயே இருந்தது.

ஐரோப்பாவில் விவசாயிக்கு எப்படிக் கடன் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவர 1892-ல் சென்னை அரசு அவரை அனுப்பியது. இரண்டு தடிமனான பாகங்களில் அறிக்கை வந்தது: முதல் பாகம் 1895, இரண்டாவது 1897.

என் கணக்கில் அந்த அறிக்கையின் பெருமை ஜெர்மனியைப் பற்றிச் சொன்னதில் இல்லை, உள்ளூர் லேவாதேவிக்காரரை ஒழுங்காகப் புரிந்துகொண்டதில் இருக்கிறது. மற்ற அதிகாரிகள் அந்த ஆளைத் திட்டினார்கள். நிக்கல்சனோ, இவ்வளவு வட்டி வாங்கியும் ஜனங்கள் ஏன் அங்கேயே போகிறார்கள் என்று கேட்டார். பதில் சுலபம். லேவாதேவிக்காரர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், ராத்திரியும் கதவைத் தட்டலாம், பாரம் நிரப்ப வேண்டாம், யார் குடிகாரன் யார் உழைப்பாளி என்று அவருக்குத் தெரியும். மாவட்டத் தலைநகரில் பெரிய கட்டடம் கட்டிக் குறைந்த வட்டிக்குத் தருகிறேன் என்றால் குடியானவன் வரப்போவதில்லை. பக்கத்தில் இருக்கணும், பத்திரமாக இருக்கணும், அலைச்சல் இருக்கக் கூடாது.

இதற்கு அவர் கண்ட விடை ரைஃபைசன். ஜெர்மனியின் ரைன் பகுதியில் சின்ன ஊர்களுக்கு மேயராக இருந்து 1888-ல் இறந்தவர். ஒரு ஊருக்கு ஒரு சங்கம், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு, லாபத்தைப் பங்கு போடாமல் பொது நிதியில் சேர்ப்பது, நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. இதுதான் அவர் முறை. நமக்கும் ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான் அறிக்கையின் சாரம். நம்ம சென்னையின் நிதிகளையும் அவர் விடவில்லை. ஜனங்களே சேர்ந்து சேமித்துக் கடன் கொடுக்க இங்கே ஏற்கெனவே தெரியும் என்பதற்கு அவற்றையே சாட்சியாகக் காட்டினார். சும்மா மலிவாகக் கடன் கொடுத்தால் குடியானவன் இன்னும் ஆழமாக விழுவான், சேமிப்பு முதலில், கடன் பிறகு என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

நாம் இருக்கிற விக்டோரியாவிலும் இதே சமயத்தில் இதே தலைவலி. பிரெஞ்சுக்காரர்களின் 'கிரெடி ஃபோன்சியே' முறையைப் பார்த்து, விவசாயிகளுக்கு நிலத்தின் பேரில் நீண்டகாலக் கடன் கொடுக்க 1896-ல் அரசுச் சேமிப்பு வங்கி ஏற்பாடு செய்தது. பிறகு பெரிய எஸ்டேட்டுகளை அரசே வாங்கித் துண்டுபோட்டுத் தவணைக்குக் கொடுத்தது. நம்ம வெரிபீயில் சர்ன்சைடு குடும்பத்து நிலம் அப்படித்தான் சின்னச் சின்னப் பண்ணைகளானது. அந்தத் திட்டத்தில் வந்த பலர் மாநிலமெங்கும் தவணை கட்ட முடியாமல் திணறினார்கள். நிக்கல்சனும் கிரெடி ஃபோன்சியேயைப் பார்த்தவர்தான். அது பெரிய நிலக்காரருக்குச் சரி, இரண்டு ஏக்கர்காரனுக்கு உதவாது என்று ஒதுக்கிவிட்டார்.

சென்னை அரசு அறிக்கையை உற்சாகமாக வரவேற்கவில்லை. 1901-ல் அவர் பஞ்சக் கமிஷனிலும், எட்வர்ட் லா தலைமையிலான குழுவிலும் உட்கார்ந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

ஆனால் அவரைத் தலையில் தூக்கிவைக்கவும் எனக்கு மனசில்லை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கிஸ்தியைப் பணமாகக் கட்டச் சொல்லி, குடியானவனை லேவாதேவிக்காரரிடம் துரத்தியதில் அவருடைய அரசுக்கே பெரிய பங்கு. அந்த ரெவின்யூ இலாகாவிலேயே உயர்ந்தவர் அவர். இன்னொன்றும் உண்டு. கீழேயிருந்து ஊர்க்காரர்கள் கட்டவேண்டியது என்று அவர் நினைத்ததைச் சட்டம் ரிஜிஸ்திரார் கையில் கொடுத்தது. பதிவு, தணிக்கை, கலைப்பு எல்லாம் அரசு அதிகாரி. சொசைட்டியை 'நம்ம சங்கம்' என்று சொல்லாமல் கவர்மென்ட் ஆபீஸாகவே ஊர் பார்ப்பதற்கும், தேர்தலுக்குத் தேர்தல் கடன் தள்ளுபடிக்குக் காத்திருப்பதற்கும் விதை அங்கே விழுந்தது என்றே நினைக்கிறேன்.

நல்லதும் கெட்டதுமாக அந்த மாதிரி கடல் தாண்டியது. 1911-ல் இலங்கைக்கு வந்தது. 1930-களில் ஆப்பிரிக்காவுக்குப் போனது: 1931-ல் கோல்டு கோஸ்ட், 1932-ல் தாங்கனிகா, 1935-ல் நைஜீரியா. நைஜீரியாவுக்கு யோசனை சொல்லப் போனவர் பஞ்சாபில் கூட்டுறவு வேலை பார்த்த ஸ்ட்ரிக்லண்ட். கிளிமஞ்சாரோ மலையடிவாரத்துக் காப்பி விவசாயிகள் 1933-ல் தங்கள் சங்கங்களை ஒரே கூட்டமைப்பாக்கினார்கள். ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி உருவானது 1964-ல். அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே விவசாயக் கடன் வாதம் அங்கே சென்னை, பஞ்சாப் வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

நிக்கல்சன் 1904-ல் ஓய்வு பெற்றார். மற்றவர்கள் மாதிரி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறவில்லை. அறுபதை நெருங்கிய வயதில் மீன்வளத்தைக் கையில் எடுத்தார். ஜப்பான் போய் அவர்கள் எப்படி மீன் பிடிக்கிறார்கள், பதப்படுத்துகிறார்கள் என்று பார்த்து எழுதினார். 1907-ல் சென்னை மீன்வளத் துறை அவரால் உருவானது. மலபார் கரையில் மத்தி எண்ணெய், மீன் உரம், டப்பாவில் அடைப்பது என்று பரிசோதனைகள். பத்து வருஷத்துக்கு மேல் கௌரவப் பதவியிலேயே அந்த வேலையைப் பார்த்தார். மீனவனும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவன்தான். குடியானவனிடம் பார்த்த அதே முடிச்சைக் கடற்கரையிலும் அவர் பார்த்தார்.

கடைசிக் காலம் குன்னூரில். 1936-ல், தொண்ணூறு வயதில் இறந்தார். இன்று தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை ஒன்றுக்குக் கூட்டிப் போங்கள். பேரேட்டில் தாத்தா பேர் இருந்தாலும் இருக்கும்.