முன்னோடி நாவலாசிரியர் அ. மாதவையா

ஆங்கிலத்தில் நாவல் எழுதிய இந்தியர்கள் என்றதும் நம்முள் பலருக்கு முல்க்ராஜ் ஆனந்த், ஆர். கே. நாராயண், ராஜாராவ் ஆகிய மூவரின் பெயர்களே நினைவுக்கு வரும். தீண்டாமைக் கொடுமையைப் பற்றி ஆனந்த் எழுதிய நாவல் 1935-இல் வெளிவந்தது. அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே நம் சமூகத்தின் குறைகளை ஆங்கில நாவலில் எடுத்துரைத்த தமிழர் ஒருவர் இருந்தார். நாம் படிக்கும் இத்திருவனந்தபுரத்திலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய திருநெல்வேலிச் சீமையே அவர் பிறந்த மண். அவர்தாம் அ. மாதவையா.

1872-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் பெருங்குளம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே மணம் முடிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று 1892-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். டாக்டர் மில்லர் என்னும் பேராசிரியரின் கீழ்ப் பயின்ற அவர், ஆங்கில இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி பெற்றார். பின்னர் அரசாங்க உப்பு இலாகாவில் உத்தியோகம் கிடைத்தது. ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் அந்த உத்தியோகத்தின் இடையேதான் அவர் நூல்களை எழுதினார்.

கல்லூரிப் பருவத்திலேயே விவேக சிந்தாமணி பத்திரிகையில் சாவித்திரி சரித்திரம் என்ற கதையைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. 1903-இல் முத்துமீனாட்சி என்ற பெயரில் நூலாயிற்று. சிறுமியாக மணமாகி, புக்ககத்தில் இன்னலுற்று, கணவனை இழந்து, பின் மறுமணம் செய்துகொள்ளும் ஒரு பெண் தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்தது அது. விதவையின் மறுமணத்தை நினைத்துப் பார்க்கவும் பலர் அஞ்சிய காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது.

அதே 1903-இல் தில்லை கோவிந்தன் என்ற ஆங்கில நாவலைப் பம்பா என்ற புனைபெயரில் வெளியிட்டார். கிராமத்துப் பிராமணச் சிறுவன் ஒருவன் ஆங்கிலக் கல்வி பெற்று, பழைய நம்பிக்கைகளுக்கும் புதிய அறிவுக்கும் இடையே தத்தளிப்பதே அதன் பொருள். பின்னர் லண்டனிலும் அது பதிப்பிக்கப் பெற்றது. 1915-இல் வெளிவந்த கிளாரிந்தா, உடன்கட்டையிலிருந்து மீட்கப்பட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்து கிறித்தவரான ஒரு பிராமண விதவையின் வரலாற்றைத் தழுவியது. வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் அவ்வரலாற்றை அனுதாபத்தோடு எழுத மனத்துணிவு வேண்டும்.

அவருடைய கதைகளில் குறை இல்லாமல் இல்லை. கதையை நிறுத்திவிட்டு அறிவுரை கூறத் தொடங்கிவிடுவார். பெரும்பாலும் தாம் நன்கறிந்த பிராமணக் குடும்பங்களையே சுற்றி வருவார். ஆயினும், பிறரைச் சாடுவதற்கு முன் தம் சொந்த வீட்டின் குறையைச் சொன்ன நேர்மை அவருடையது.

ஹிந்து பத்திரிகையில் ஆங்கிலத்தில் தாம் எழுதிய குசிகர் கதைகளைப் பிற்காலத்தில் தாமே தமிழாக்கினார். உத்தியோகத்திலிருந்து விலகி மயிலாப்பூரில் அச்சுக்கூடம் வைத்து, 1924-இல் பஞ்சாமிர்தம் என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். லண்டன் வரை தம் நாவல் சென்ற பின்னரும் அவர் தமிழுக்கே திரும்பினார். காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. முத்துமீனாட்சியைப் போன்ற பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது. யாருக்காக எழுதினாரோ அவர்கள் படிக்க வேண்டுமானால் தமிழில்தான் எழுதியாக வேண்டும்.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் கூட்டம் நடந்தது. பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று மாதவையா பேசினார். பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53.

அவர் விட்டுச் சென்ற வழி நிற்கவில்லை. அவருடைய மகன் அனந்தநாராயணன் ஆங்கில நாவலாசிரியராகவும், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். மற்றொரு மகன் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றி இரு மொழிகளிலும் எழுதினார். உறவினர் பெ. நா. அப்புஸ்வாமி விஞ்ஞானத்தை எளிய தமிழில் தந்தார்.

நண்பர்களே! இங்கே நாம் கடைத்தெருவில் மலையாளமும், ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலமும், வீட்டுக்குப் பேசும்போது தமிழும் பேசுகிறோம். சென்ற விடுமுறையில் என் தாயார், நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார்கள். ஐந்தாண்டுகளாக விஞ்ஞானம் பயிலும் எனக்கு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் தமிழில் சொல்ல வரவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் சென்றுவிட்டார்கள். மாதவையாவைப் பற்றிப் படித்தபோது அந்தச் சிரிப்புதான் என் நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தை வெறுத்து அவர் தமிழுக்கு வாதாடவில்லை. கற்றவன் பேச்சு தன் வீட்டு அடுக்களைக்கும் எட்ட வேண்டும் என்பதற்காகவே வாதாடினார். அடுத்த விடுமுறைக்குள் அந்த மூன்றாவது வாக்கியத்தையாவது நான் தேடிக்கொள்ள வேண்டும்.