தி. சு. அவினாசிலிங்கம்

திருப்பூர் சுப்பிரமணியம் அவினாசிலிங்கம் செட்டியார் (மே 5, 1903 – நவம்பர் 21, 1991) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், காந்தியவாதி, கல்வியாளர் மற்றும் அரசியல்வாதி ஆவார். சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக 1946 முதல் 1949 வரை பணியாற்றினார். கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தையும், கோயம்புத்தூரில் உள்ள அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியையும் (பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகம்) நிறுவினார். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் இவரே.

பிறப்பும் கல்வியும்

அவினாசிலிங்கம் அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் திருப்பூரில் சுப்பிரமணிய செட்டியார், பழனியம்மாள் இணையருக்குப் பிறந்தார். திருப்பூரிலும் கோயம்புத்தூர் லண்டன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டமும் சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டப் படிப்பும் முடித்து வழக்கறிஞரானார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

விடுதலைப் போராட்டம்

காந்தியின் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டுக் காங்கிரசு இயக்கத்தில் ஈடுபட்ட இவர், 1930, 1932, 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை சிறை சென்றார். 1934 இறுதியில் நடந்த தேர்தலில் வென்று மத்திய சட்டமன்ற உறுப்பினரானார். 1945 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம்

இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் கருத்துகளிலும் காந்தியின் தீண்டாமை ஒழிப்புப் பணியிலும் பற்றுக்கொண்ட அவினாசிலிங்கம், 1930-ல் கோயம்புத்தூரில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றைச் சிறிய அளவில் தொடங்கினார். தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுவர்களும் பிற சாதிச் சிறுவர்களும் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஒன்றாகக் கற்பதே அப்பள்ளியின் அடிப்படை விதியாகும். கோயில் நுழைவுச் சட்டங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு கொங்கு நாட்டில் இது எளிதில் ஏற்கப்படக்கூடியதாக இருக்கவில்லை.

1934-ல் இப்பள்ளி இராமகிருஷ்ண மிஷனின் கிளையாக இணைக்கப்பட்டது. அதே ஆண்டு கோயம்புத்தூர் வந்த காந்தி, பள்ளியின் புதிய இடத்திற்கு அடிக்கல் நாட்டினார். கோயம்புத்தூர் – மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் வித்தியாலயம் படிப்படியாக விரிவடைந்தது. ஆதாரக் கல்வி, ஆசிரியர் பயிற்சி, உடற்கல்வி, வேளாண்மை, தொழிற்பயிற்சி, கலை அறிவியல் எனப் பல நிலைகளிலும் அங்கு நிறுவனங்கள் உருவாயின.

மிஷனுடன் இணைத்தது வித்தியாலயத்தின் நிர்வாக அமைப்பில் ஏற்பட்ட முதன்மையான மாற்றமாகும். இராமகிருஷ்ண மிஷன் 1909-ல் பதிவு செய்யப்பட்ட சங்கம். பேலூர் மடத்தின் அறங்காவலர்களே அதன் ஆட்சிக் குழுவாகச் செயல்படுகின்றனர். எனவே தொடங்கி நான்கே ஆண்டுகளில் பள்ளி, நிறுவனரின் குடும்பத்திற்கோ வாரிசுகளுக்கோ உரியதாக அல்லாமல், நிலைத்த ஓர் அமைப்பின் பொறுப்பில் வந்தது. அவினாசிலிங்கம் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் வித்தியாலயத்தை வழிநடத்தினார்.

கல்வி அமைச்சர்

1946-ல் த. பிரகாசம் தலைமையில் அமைந்த அமைச்சரவையில் அவினாசிலிங்கம் கல்வி அமைச்சரானார். அடுத்து வந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையிலும் அப்பொறுப்பில் தொடர்ந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழியாக்கியதிலும், திருக்குறளைப் பாடத்திட்டத்தில் சேர்த்ததிலும் இவருக்குப் பங்குண்டு. இவர் அமைச்சராக இருந்த காலத்தில், 1949-ல், சுப்பிரமணிய பாரதியின் படைப்புகளை அரசு நாட்டுடைமையாக்கியது.

சென்னைப் பொது நூலகச் சட்டம் (1948) இவரது காலத்தில் நிறைவேறியது. நூலக அறிவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதனின் முயற்சி இச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான இது 1950-ல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் வட்டார நூலக ஆணைக்குழுக்களை ஏற்படுத்தியதுடன், சொத்து வரியுடன் சேர்த்து நூலக வரி வசூலிக்கவும் வழி செய்தது. ஆண்டுதோறும் அரசு ஒதுக்கும் தொகையை மட்டும் நம்பியிராமல், நூலகங்கள் தமக்கெனக் குழுவும் வருவாயும் பெற்றது இச்சட்டத்தின் சிறப்பாகும்.

1948-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்க ஓமந்தூரார் அரசு எடுத்த முடிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பெரியார் ஈ. வெ. இராமசாமி தலைமையில் திராவிடர் கழகம் போராட்டம் நடத்தியது. கல்வி அமைச்சர் என்ற முறையில் அவினாசிலிங்கமும் இந்த எதிர்ப்புக்கு உள்ளானார். தமிழ்ப் பயிற்று மொழிக்கு ஆதரவாகச் செயல்பட்டவரின் பதவிக் காலத்திலேயே இப்போராட்டம் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

தமிழ் வளர்ச்சிக் கழகமும் கலைக்களஞ்சியமும்

அவினாசிலிங்கம் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். கலைச்சொற்களும் அறிவியல் நூல்களும் இல்லாமல் தமிழ் உயர்கல்வி மொழியாக முடியாது என்பது கழகத்தின் நிலைப்பாடு. அதன் முதற்பெரும் திட்டமாகத் தமிழ்க் கலைக்களஞ்சியப் பணி 1947-ல் தொடங்கப்பட்டது. வித்தியாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய ம. ப. பெரியசாமித் தூரன் அதன் முதன்மைப் பதிப்பாசிரியரானார். முதல் தொகுதி 1954-ல் வெளிவந்தது. பத்தாவது தொகுதி 1968-ல் வெளிவந்ததுடன் பணி நிறைவுற்றது. பின்னர் பத்துத் தொகுதிகள் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் கழகம் வெளியிட்டது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த இப்பணியில் பொறுப்புகள் பிரிந்திருந்தன. நிதியும் அமைப்பும் கழகத் தலைவரான அவினாசிலிங்கத்தின் பொறுப்பாகவும், பதிப்புப் பணி தூரன் தலைமையிலான குழுவின் பொறுப்பாகவும் இருந்தன. அவினாசிலிங்கம் 1949-ல் அமைச்சர் பதவியிலிருந்து விலகிய பின்னரும், ஆட்சிகள் மாறிய பின்னரும் பணி தடைபடவில்லை.

ஊரக உயர்கல்வி

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழு (1948–49) நாட்டுப்புறங்களுக்கெனத் தனி உயர்கல்வி அமைப்பைப் பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1956-ல் இந்தியாவின் பல பகுதிகளில் ஊரக உயர்கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் காந்திகிராமமும் பெரியநாயக்கன்பாளையம் வித்தியாலயமும் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

இந்நிலையங்களில் பின்வரும் படிப்புகள் வகுக்கப்பட்டிருந்தன:

- ஊரகப் பணிப் பட்டயம் (3 ஆண்டுகள்)
- கட்டுமான, ஊரகப் பொறியியல் பட்டயம் (3 ஆண்டுகள்)
- வேளாண் அறிவியல் சான்றிதழ் (2 ஆண்டுகள்)

பள்ளி முடித்த கிராமப்புற இளைஞர்கள் நகரத்திற்குக் குடிபெயராமல், தம் வட்டாரத்திற்குப் பயன்படும் தொழிலைக் கற்கவேண்டும் என்பது நோக்கம். ஆனால் நடைமுறையில் ஒரு முரண்பாடு இருந்தது. சுற்றியுள்ள கிராமங்களுக்காக அமைந்த நிலையத்தின் பாடத்திட்டமும் தேர்வும் தில்லியிலிருந்த தேசிய ஊரக உயர்கல்விக் குழுவின் கையில் இருந்தன. பட்டயத்தை நடுவண் அரசு வேலைவாய்ப்புக்கு ஏற்றுக்கொண்டாலும், பல்கலைக்கழகங்கள் மேற்படிப்புக்கு ஏற்கத் தயங்கின. மாணவர்களும் பெற்றோரும் பல்கலைக்கழகப் பட்டத்தையே விரும்பினர். 1964-ல் வித்தியாலயத்தில் கலை அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. பட்டத்தின் மதிப்பு கிடைத்தது. எனினும், உள்ளூர்த் தேவைக்கேற்பப் பாடம் அமைக்கும் உரிமை இணைவுக் கல்லூரிகளுக்கு இல்லை.

மகளிர் கல்லூரி

1957-ல் அவினாசிலிங்கம் தம் பெயரிலமைந்த கல்வி அறக்கட்டளை வாயிலாகக் கோயம்புத்தூரில் மகளிருக்கான மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அமெரிக்காவின் ஓகியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஊட்டச்சத்து அறிஞர் இராஜம்மாள் தேவதாஸ் இக்கல்லூரியின் கல்விப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, நெசவு, விரிவாக்கக் கல்வி ஆகியவை ஆய்வுத் துறைகளாக வளர்ந்தன. சிற்றூர்களில் நேரடிப் பணி மாணவிகளின் படிப்போடு இணைக்கப்பட்டது.

கல்லூரியின் ஆட்சி நிலை மூன்று கட்டங்களைக் கடந்தது:

- 1957: பல்கலைக்கழக இணைவுக் கல்லூரி. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மூன்றும் பல்கலைக்கழகத்தினுடையவை.
- 1978: தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் பல்கலைக்கழகம் வழங்குவது.
- 1988: நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மூன்றும் நிறுவனத்தின் பொறுப்பு.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக அவினாசிலிங்கமும் முதல் துணைவேந்தராக இராஜம்மாள் தேவதாசும் பொறுப்பேற்றனர்.

நிறுவன ஆட்சிமுறை

இருபதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூரின் கல்வி வளர்ச்சி பெரும்பாலும் அறக்கட்டளைகள் வாயிலாக நிகழ்ந்தது. 1926-ல் பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பங்கிட்டு, ஐந்தாவது பங்கை அறத்திற்கு ஒதுக்கிப் பூ. சா. கோ. அறநிலையத்தை நிறுவினர். பஞ்சாலை முதலாளிகளும் வணிகர்களும் கொடையாளர்களாக இருந்த இம்மரபில், கொடையாளருக்கும் கல்லூரி முதல்வருக்கும் அரசுக்கும் இடையிலான அதிகார எல்லை தொடர்ந்து எழும் கேள்வியாக இருந்தது.

அவினாசிலிங்கத்தின் நிறுவனங்கள் இக்கேள்விக்கு இருவகையான விடைகளைக் காட்டுகின்றன. வித்தியாலயத்தில், நிறுவனரையும் வட்டாரத்தையும் கடந்த ஒரு துறவியர் அமைப்பிடம் உடைமை ஒப்படைக்கப்பட்டது. மகளிர் கல்லூரியில் உடைமை அறக்கட்டளையிடம் இருக்க, பாடம், ஆய்வு ஆகியவற்றின் தலைமை துறை அறிவு பெற்ற ஒருவரிடம் விடப்பட்டது. இரண்டிலும் பொதுவானது, நிறுவனரின் ஆயுளோடு முடிந்துவிடாத ஓர் அமைப்பை அவர் வாழ்நாளிலேயே ஏற்படுத்தியதாகும்.

தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் (1976) தனியார் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் கல்லூரிக் குழு இருக்கவேண்டும் என்று விதித்ததுடன், முதல்வருக்கும் ஆசிரியர்களுக்கும் அக்குழுவில் இடமளித்தது. அடுத்து வந்த தன்னாட்சி முறையில் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக் குழு எனப் பொறுப்புகள் தனித்தனியே பிரிக்கப்பட்டன. அறங்காவலரின் விருப்பத்தைவிட எழுதப்பட்ட விதிகள் முதன்மை பெற்ற காலமாற்றத்தை இவை காட்டுகின்றன.

விமர்சனங்கள்

பெண்களின் உயர்கல்விக்கு மனையியலை முதன்மைப் பாடமாகக் கொள்வது, பெண்ணின் இடம் வீடு என்ற கருத்தையே உறுதிப்படுத்தும் என்னும் விமர்சனம் பொதுவாக இத்துறை மீது உண்டு. மகளிருக்கென அமைந்த வளாகத்தில் துறைத்தலைமை முதல் துணைவேந்தர் பதவி வரை பெண்கள் வகித்ததும், பிற்காலத்தில் அறிவியல், பொறியியல் துறைகள் சேர்க்கப்பட்டதும் இதற்கு மறுமொழியாகக் கருதப்படலாம். நிறுவனர் ஒருவரே அறுபது ஆண்டுகள் வழிகாட்டும் நிலையில் இருந்தது நிறுவனங்களுக்கு நிலைத்தன்மையைத் தந்தது. அதே வேளையில் அவருக்குப் பின் அந்த இடத்தை நிரப்புவதும் எளிதாக இல்லாத ஒன்றாயிற்று.

நாடாளுமன்றப் பணி

1952-ல் திருப்பூர் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1957 வரை பணியாற்றினார். 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்.

நூல்களும் சிறப்புகளும்

காந்தியுடனான தம் தொடர்பை நான் கண்ட மகாத்மா என்ற நூலில் பதிவு செய்துள்ளார். ஆதாரக் கல்வி குறித்து ஆங்கிலத்திலும் எழுதியுள்ளார். இந்திய அரசு 1970-ல் இவருக்குப் பத்மபூசண் விருது வழங்கியது.

மறைவு

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்த அவினாசிலிங்கம், 1991 நவம்பர் 21 அன்று தம் 88-ஆம் வயதில் காலமானார். 1994-ல் இராஜம்மாள் தேவதாஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். வித்தியாலயம் இராமகிருஷ்ண மிஷனின் கிளையாகத் தொடர்ந்து இயங்கி வருகிறது.