பத்து நிமிஷம் லேட்டா வந்த நிலா

ஒளியோட வேகம் நமக்கு பிசிக்ஸ் பேப்பர்ல ஒரு நம்பர். செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர்னு போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவீங்க. ஆனா ஒளிக்கு வேகம்னு ஒண்ணு இருக்குன்னே பலபேர் நம்பாத காலம் இருந்தது. அதை மாற்றினவர் ஓலே ரோமர். அவருக்குக் கைகொடுத்தது வியாழனோட நிலா, அயோ.

1644-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் பிறந்தவர். கோபன்ஹேகனில் படிச்சு முடிச்சவரை, அங்கே வேலையா வந்த பிரெஞ்சு வானியலாளர் பிக்கார்டு 1672-ல் பாரிஸுக்கே கூட்டிட்டுப் போயிட்டார். அங்கே வானாய்வுக்கூடத்தில் பெரிய தலை யாருன்னா, காசினி. சனியோட வளையத்தில் இருக்கிற இடைவெளிக்குப் பேர் வந்ததே அவரால்தான்.

அயோ 42½ மணி நேரத்துக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அதோட நிழலுக்குள்ள போய் வெளியே வரும். இதை ரெண்டு ஊர்ல இருந்து பார்த்து, உள்ளூர் நேரத்தை ஒப்பிட்டா தீர்க்கரேகை கிடைச்சிடும். அந்தக் காலத்து ஜிபிஎஸ்னு வெச்சுக்கோங்க. அதுக்காக டைம்டேபிளே போட்டு வெச்சிருந்தாங்க. சிக்கல் என்னன்னா, பூமி வியாழனை விட்டு விலகிப் போகும்போது அயோ லேட்டா வரும். நெருங்கும்போது சீக்கிரம் வரும். ஒரு சுற்றுக்குச் சில செகண்ட்தான், மாசக்கணக்குல சேர்ந்தா நிமிஷங்கள்.

அயோ மேல தப்பில்ல, ஒளி வர வேண்டிய தூரம்தான் கூடுதுன்னு ரோமர் பிடிச்சார். 1676 நவம்பர் 9-ம் தேதி அயோ பத்து நிமிஷம் லேட்டா வெளியே வரும்னு முன்கூட்டியே சொன்னார். அப்படியே நடந்தது. பூமியோட பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிஷம் ஆகும்னு கணக்குப் போட்டார். சரியான விடை 17-க்குக் கொஞ்சம் கம்மி. பெண்டுலம் கடிகாரத்தை வெச்சுக்கிட்டு இவ்வளவு கிட்ட வந்ததே பெரிசு!

காசினி ஒத்துக்கல. மற்ற மூணு நிலாக்களிலும் இதே தாமதம் தெளிவா தெரியலையேன்னு கேட்டார். அந்தக் கேள்வியிலயும் நியாயம் இருக்கு. ஆனாலும் கைடே கையெழுத்து போடாத ப்ராஜெக்ட் மாதிரி நிலைமை. ஹைகன்ஸும் நியூட்டனும் ரோமர் பக்கம் நின்னாங்க.

1681-ல் ஊர் திரும்பினார். அளவைகள் சீர்திருத்தம், புது நாள்காட்டி, தெருவிளக்கு, கடைசியில் கோபன்ஹேகன் போலீஸ் தலைவர் பதவின்னு கைவைக்காத துறையே இல்ல. ஃபாரன்ஹீட் அளவுகோலே ரோமரோட அளவுகோலில் இருந்து வந்ததுதான். 1710-ல் இறந்தார்.

1728-ல் கோபன்ஹேகன் பற்றி எரிந்தபோது அவரோட வானியல் பதிவுகள் பெரும்பாலும் சாம்பலாச்சு. அதே வருஷம் இங்கிலாந்தில் பிராட்லி, நட்சத்திரங்களை வெச்சு வேற வழியில் ஒளிக்கு வேகம் உண்டுன்னு நிரூபிச்சார். அப்போ காசினி இறந்து 16 வருஷம் ஆகியிருந்தது.