இடக்கை இசைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்

வறுமையில் பிறந்தோரும் உழைப்பால் உலகப்புகழ் எய்தலாம் என்பதற்கு அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் சான்றாவார். இவர் 1942ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம் நாள் சியாட்டல் நகரில் பிறந்தார். குப்பையில் கிடைத்த ஒற்றைத் தந்தி உக்குலேலேயே இவருடைய முதல் இசைக்கருவி. பின்னர், பதினைந்தாம் வயதில் ஐந்து டாலருக்கு ஒரு கிதார் கிடைத்தது. இடக்கைப் பழக்கமுடைய இவர், வலக்கையாளரின் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். இசைக்குறிப்புகளைப் படிக்க அறியாவிடினும், கேட்டுக் கேட்டே தேர்ச்சி பெற்றார். மின்கிதாரின் இரைச்சலையும் இசையாக்கினார். 1969இல் வுட்ஸ்டாக் விழாவில் வாசித்துப் பெரும்புகழ் பெற்றார். அந்தோ! தூக்க மாத்திரைகளை அளவுமீறி உட்கொண்டதால், 1970 செப்டம்பர் 18இல் லண்டனில் 27ஆம் வயதிலேயே மறைந்தார்.

மாணவமணிகளே! அவருடைய முயற்சியை நாம் கைக்கொள்வோம். அவரை வீழ்த்திய பழக்கத்தை அறவே விலக்குவோம். பெற்றோர்களே! இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளை அடித்துத் திருத்த முற்படாதீர்கள் என வேண்டுகிறோம்.