இனவாரி இருக்கையும் ஒற்றைக் குரலும்: இலங்கைச் சட்டநிரூபண சபையில் பொன்னம்பலம் இராமநாதன் (1879–1892)

முன்னுரை

1879ஆம் ஆண்டு மே மாதம் சேர் முத்து குமாரசுவாமி கொழும்பில் காலமானார். இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழருக்கென இருந்த ஒரே இருக்கை அதனால் வெறுமையாயிற்று. அவ்விருக்கையில் அமர்த்தப்பெற்றவர் அவருடைய தமக்கை மகனான பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930). அப்போது அவருக்கு வயது 28. இராமநாதனின் வாழ்வைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையும், அவர் நிறுவிய கல்லூரிகளையும், சமய விளக்கவுரைகளையும் முன்னிறுத்துகின்றன. விக்டோரியா மகாராணியின் காலத்தில் அவர் சட்டநிரூபண சபையில் கழித்த பதின்மூன்று ஆண்டுகள் அவற்றின் முன்கதையாகவே சுருங்கிவிடுகின்றன. வாக்கு வலிமை ஏதுமற்ற ஒரு நியமன உறுப்பினர் எவற்றைப் பெற முடிந்தது, இனத்தின் பெயரால் அமைந்த இருக்கை அவருடைய சிந்தனையை எத்திசையில் இழுத்தது என்பவற்றை அறிய இக்காலப்பகுதியே உதவும்.

சபையின் அமைப்பு

கோல்புறூக் விசாரணைக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 1833இல் இச்சபை உருவாக்கப்பட்டது. உத்தியோகப்பற்றுள்ள உறுப்பினர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றவர் அறுவர். தலைமை தாங்கியவர் தேசாதிபதி. படைத்தலைவர், குடியேற்றச் செயலாளர், கணக்காளர் நாயகம், மாகாண அரசாங்க அதிபர் போன்றோர் முதல் வகையினர். அவர்கள் தம் கருத்து எதுவாயினும் தேசாதிபதியின் பக்கமே வாக்களிக்கக் கடமைப்பட்டவர்கள். எஞ்சிய ஆறு இருக்கைகளில் மூன்று ஐரோப்பியருக்கும், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்றும் ஒதுக்கப்பட்டன. தேர்தல் இல்லை. தேசாதிபதி தெரிவு செய்வார். இலண்டன் ஒப்புதல் அளிக்கும். அறுவரும் ஒன்றுசேர்ந்தாலும் அரசை ஒரு வாக்கெடுப்பிலும் தோற்கடிக்க இயலாது. 1864இல் இராணுவச் செலவுப் பிணக்கில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் கூட்டாகப் பதவி துறந்தமை இவ்வியலாமையின் வெளிப்பாடே ஆகும். பொருட்செலவு சார்ந்த தீர்மானத்தை இவ்வுறுப்பினர் தாமாகக் கொணரவும் முடியாது. நடவடிக்கைகள் யாவும் ஆங்கிலத்தில் நடந்தன. ஆகவே ஆங்கிலக் கல்வி பெற்ற மிகச் சிறிய குழுவைச் சார்ந்தோரே தமிழரின் இருக்கையை எட்ட முடிந்தது.

அச்சிறு குழுவிலும் ஒரு குடும்பமே மேலோங்கி நின்றது. சபையின் முதல் தமிழ் உறுப்பினர் இராமநாதனின் தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார். முத்து குமாரசுவாமி அம்முதலியாரின் மகன். 1892இல் இராமநாதன் விலகியபின் வந்தவர் அவருடைய தமையனார் பொன்னம்பலம் குமாரசுவாமி. பரம்பரையுரிமை எனச் சட்டம் எதையும் கூறவில்லை. நடைமுறை ஏறக்குறைய அதனையே செய்தது.

நியமனத்தின் பின்னணி

இராமநாதன் கொழும்பிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். சேர் ரிச்சட் மோர்கனிடம் சட்டம் கற்று வழக்குரைஞரானார். உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளைத் திரட்டித் தொகுதிகளாக வெளியிட்டமை அவருக்குச் சட்டத்துறையில் மதிப்பைத் தேடித் தந்தது. ஆயினும் 1879இல் அவருக்குப் போட்டி இல்லாமலில்லை. யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்தில் பெயர்த்த கிறிஸ்தோப்பர் பிறிற்றோவின் பெயரும் அவ்விருக்கைக்கு எழுந்தது. இவ்விடத்தில் ஆறுமுக நாவலர் தலையிட்டார். 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் வாந்திபேதியும் வருத்தியபோது கஞ்சித்தொட்டி அமைத்தவர் நாவலர். அரசாங்க அதிபர் துவைனத்தின் ஆட்சியைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவரும் அவரே. கொழும்புச் சபையில் யாழ்ப்பாணத்துக்காகப் பேச ஒருவர் வேண்டுமென்ற உணர்வு இவ்வனுபவத்தில் வேரூன்றியிருந்தது. நாவலர் இராமநாதனை ஆதரித்தார். கூட்டமும் விண்ணப்பமும் தொடர்ந்தன. தேர்தல் இல்லாத அமைப்பில் கூட்டமும் விண்ணப்பமுமே வாக்குச்சீட்டின் வேலையைச் செய்தன. அவ்வாண்டு டிசம்பரில் நாவலர் மறைந்தார். பொதுவாழ்வில் நாவலரின் இறுதிச் செயல்களுள் ஒன்று சட்டநிரூபண சபை நியமனம் பற்றியது என்பதைத் தமிழ் இலக்கிய வரலாற்றாசிரியர் இன்னும் கூடுதலாகக் கருதியிருக்கலாம்.

சொல்லின் வலிமையும் எல்லையும்

வாக்கால் வெல்ல முடியாதவருக்கு வேறு கருவிகள் இருந்தன. வினா எழுப்புதல், விண்ணப்பங்களைச் சபைமுன் வைத்தல், சட்டவரைவின் இரண்டாம் வாசிப்பில் கொள்கையை எதிர்த்துப் பேசுதல், உபகுழுவில் அமர்ந்து சொற்களைத் திருத்துதல், வரவுசெலவு விவாதத்தின்போது பொதுக்குறைகளை எடுத்துரைத்தல் ஆகியன அவை. இவற்றுள் மிகுந்த பயன் தந்தது உபகுழு எனலாம். அங்குப் பெரும்பான்மையைவிடச் சட்டவறிவு செல்லுபடியாகும்; இராமநாதனிடம் அது இருந்தது. உரைகள் அச்சேறி இலண்டனை எட்டின. எனவே அவை எதிரே அமர்ந்திருந்த அதிகாரிகளை மட்டுமன்றிக் குடியேற்ற நாட்டுச் செயலரையும் நோக்கி ஆற்றப்பட்டவை.

எல்லையும் தெளிவாகவே தெரிந்தது. கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்துவந்த நிலையில் 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அவ்வங்கியின் தாள்களே மக்கள் கையில் பணமாகப் புழங்கின. தேசாதிபதி ஆதர் கோர்டன் தம் நிருவாக சபையைக் கூட்டி அத்தாள்களுக்கு அரசின் பொறுப்புறுதி அளித்தார். முடிவு முதலில் வந்தது; சட்டநிரூபண சபையின் பங்கு பின்னரே வந்தது. நல்ல முடிவுதான். எனினும் பெருநெருக்கடியில் சட்டநிரூபண சபையின் இடம் எது என்பதை இந்நிகழ்வு காட்டிவிடுகிறது.

வெசாக் விடுமுறை இதற்கு மாறான எடுத்துக்காட்டு. 1883 மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படாமை பௌத்தரிடையே பெருங்கசப்பை விளைவித்தது. கேணல் ஒல்கொற் 1884இல் இலண்டன் சென்று முறையிட்டார். கொழும்பில் அக்கோரிக்கைக்குத் துணைநின்றவர் சைவரும் தமிழர் இருக்கைக்குரியவருமான இராமநாதன். 1885இல் வெசாக் முழுமதி நாள் பொதுவிடுமுறையாயிற்று. ஒல்கொற்றின் முயற்சியையோ கோர்டனின் இசைவையோ குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஆயினும் தம் இனத்துக்கென அளிக்கப்பட்ட இருக்கையிலிருந்து பிற சமயத்தாருக்காக ஒருவர் பேசியமை அவ்வமைப்பின் தருக்கத்துக்குப் புறம்பானது.

சோனகர் பற்றிய வாதம்

அதே ஆண்டில் அத்தருக்கத்துக்குள் அவர் முழுமையாக இறங்கவும் செய்தார். முகம்மதியர் திருமணப் பதிவு குறித்த சட்டவரைவு சபைக்கு வந்தபோது, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரென்றும் சமயத்தால் மட்டுமே வேறுபட்டவரென்றும் அவர் வாதிட்டார். 1888இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அதனை விரிவான ஆய்வுரையாக்கினார். சோனகரின் வீட்டுமொழி தமிழ் என்பது அவருடைய முதன்மைச் சான்று. வழக்காறுகளும் உடற்கூறுகளும் துணைச் சான்றுகள்.

அவ்வுரையைத் தமிழியல் வரலாற்றில் வைத்து நோக்குதல் தகும். கால்டுவெல்லுக்குப் பிந்திய தலைமுறையில் மொழிக்குடும்பம் என்னும் கருத்து எளிதில் இனக்குடும்பம் என்பதாக உருமாறியது. மொழியொற்றுமை வணிகத்தாலும் மணவுறவாலும் அண்டைவாழ்வாலும் ஏற்படலாம். அதிலிருந்து குருதியொற்றுமையை நிறுவுதல் அளவைப் பிழை. இராமநாதன் போன்ற கூர்த்த சட்ட அறிஞர் இதனை அறியாதிருந்தார் எனக் கொள்வது கடினம். வாதத்தின் தேவை வேறிடத்தில் இருந்தது. இருக்கைகள் இனவாரியாகப் பங்கிடப்படும் சபையில், எது தனி இனம் என்னும் வினா இருக்கைகளின் எண்ணிக்கை பற்றிய வினாவாகவும் ஆகிவிடுகிறது. முஸ்லிம்கள் அவ்வாறே அதனைப் புரிந்துகொண்டனர். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட மறுப்பு நூல், தனிப் பிரதிநிதித்துவத்தைத் தடுப்பதே அவ்வாதத்தின் நோக்கம் எனக் குற்றஞ்சாட்டியது. அக்குற்றச்சாட்டை முற்றிலும் தள்ளிவிடச் சூழல் இடந்தரவில்லை.

தடுப்பு பலிக்கவில்லை. 1889இல் கோர்டன் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் இருக்கையைச் சேர்த்து உத்தியோகப்பற்றற்றவரின் தொகையை எட்டாக்கினார். பதவிக்காலமும் ஐந்தாண்டாக வரையறுக்கப்பட்டது. அதிகாரப் பெரும்பான்மையில் மாற்றமில்லை. சபை விரிந்தது, வலிமை பெறவில்லை.

பதவி மாற்றமும் பின்னிகழ்வுகளும்

1892இல் இராமநாதன் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை ஏற்றார். அப்பதவிக்காலத்தில் பன்முறை பதில் சட்டமா அதிபராகப் பணியாற்றினார். சட்டமா அதிபர் சபையில் உத்தியோகப்பற்றுள்ள உறுப்பினர். ஆதலால் எந்த வரிசையை எதிர்நோக்கிப் பதின்மூன்று ஆண்டுகள் வாதிட்டாரோ அதே வரிசையின் கடமை அவரைச் சேர்ந்தது. அறிவுடைய எதிர்ப்பாளரை அரசு தன் பணிக்குள் ஈர்த்துக்கொள்ளும் வழக்கம் ஆங்கிலக் குடியேற்ற நாடுகள் பலவற்றில் காணப்படுவதே.

1906இல் ஓய்வு பெற்ற அவர், படித்த இலங்கையருக்கென முதன்முறையாக உருவாக்கப்பட்ட தேர்தல் இருக்கைக்கு 1911இல் போட்டியிட்டுச் சிங்களவரான மாக்கஸ் பெர்னாண்டோவை வென்றார். வாக்குரிமை பெற்றிருந்தோர் 3,000 பேரளவினர். இனவாரி நியமன இருக்கைகள் அதன் அருகிலேயே தொடர்ந்தன. டொனமூர் ஆணைக்குழு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை அகற்றி அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தபோது, அதனை எதிர்த்து முறையிட முதுமையிலும் அவர் இலண்டன் சென்றார். 1930 நவம்பரில் காலமானார். அப்பரிந்துரையின்படி அமைந்த அரசாங்க சபைக்கு மறு ஆண்டு தேர்தல் நடைபெற்றது.